மாமி போட்ட ஹாஹா

அம்மா காலமானது 2019 ஜனவரியில். வெள்ளவத்தையில், எங்கள் தொடர்மாடி வீட்டில், விடியப்புறம். அன்று மத்தியானமே தம்பி கனடாவிலிருந்து மரண அறிவித்தலை முகநூலில் போட்டுவிட்டான். பத்திரிகைக்கும் கொடுத்தோம், வானொலிக்கும் கொடுத்தோம். ஆனாலும் யாழ்ப்பாணத்திலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற சனத்துக்கு முதலில் போய்ச் சேர்ந்தது முகநூல் அறிவித்தல்தான்.

கல்கிசை மயானத்தில் எல்லாம் முடிந்து மூன்றாம் நாள் இரவு, நித்திரை வராமல் அந்தப் பதிவைத் திறந்தேன். யார் யார் துக்கம் விசாரித்திருக்கிறார்கள் என்று பார்க்கத்தான். அழுகை முகங்கள், இதயங்கள், நிறையக் கட்டைவிரல்கள். அவற்றின் ஓரத்தில் ஒரேயொரு சிரிப்பு முகம். தொட்டுப் பார்த்தேன். சின்னமாமியின் பெயர் வந்தது.

சின்னமாமி என்றால் அம்மாவின் கடைசித் தம்பியின் மனைவி. ஊரில் ஒரு காணி, அதன் எல்லைவேலி, கிணற்றுப் பங்கு என்று அம்மாவுக்கும் மாமாவுக்கும் பல வருட மனக்கசப்பு. மாமா போனபிறகு அது அடங்கிக் கிடந்ததே தவிர ஆறவில்லை. மாமி கொட்டாஞ்சேனையில் மகளோடு இருந்தார். முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து ஒரு மாதம்கூட ஆகாததால் செத்தவீட்டுக்கு அவர் வரவில்லை, மகள் மட்டும் வந்து போனாள். அதையும் இந்தச் சிரிப்பையும் சேர்த்துப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு எரிந்தது. தம்பி போனில் வெடித்தான். "பார்த்தியா அக்கா, இவ்வளவு காலமும் மனசுக்குள்ள வைச்சிருந்து இப்ப சிரிக்கிறா." நான் அவனை மறிக்கவில்லை. எனக்கும் அதே எண்ணம்தான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு மாமிக்குச் சொல்லவில்லை. செத்தவீட்டுக்குச் சொல்லாமலே வரலாம், அந்தியேட்டிக்குச் சொல்லவேண்டும் என்பது எங்கள் முறை. சொல்லாமல் விட்டால் அதன் அர்த்தம் எல்லாருக்கும் தெரியும். வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் நடுவில் பத்துக் கிலோமீற்றர் இருக்கும். பதினைந்து மாதம் நாங்கள் கதைக்கவில்லை.

2020 மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கு போட்டார்கள். ஏப்ரல் மாதம் ஒரு பின்னேரம் போன் அடித்தது. மாமி. எடுத்தவுடன், "பிள்ளை, வீட்டில அரிசி கிரிசி இருக்கோ? மரக்கறி லொறி உங்கட பக்கம் வருதோ?" என்றுதான் கேட்டார். எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. அழுகையும் ஆத்திரமுமாகக் கேட்டுவிட்டேன். "அம்மா செத்ததுக்கு ஏன் மாமி சிரிச்சனீங்கள்?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார். "நான் சிரிச்சனானோ? ஆர் சொன்னது? நான் வாய்விட்டுக் குழறி அழுகிற படமெல்லோ போட்டனான். கண்ணை இறுக்கி மூடி, வாயை ஆவெண்டு திறந்து... அது அழுகைதானே பிள்ளை. மற்றப் படத்தில ஒரு சொட்டுக் கண்ணீர்தான் நிக்குது. உன்ர அம்மாவுக்கு ஒரு சொட்டோ?"

போனை வைத்துவிட்டு அந்த மஞ்சள் முகத்தைத் திரும்பப் பார்த்தேன். பெயரை மறந்துவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தால் மாமி சொன்னது சரி. இறுக்கிய கண்கள், அகலத் திறந்த வாய். செத்தவீட்டு முற்றத்தில் பெண்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பதைப் பார்த்து வளர்ந்த ஒருவருக்கு அது ஒப்பாரி முகம்தான். கன்னத்தில் ஒரு துளி வைத்த முகம் அவருக்கு மரியாதைக்கு அழுகிற பக்கத்து வீட்டுக்காரர். மாமி எங்களுக்குத் தந்தது அந்த வரிசையிலேயே ஆகப் பெரிய துக்கத்தை. நாங்கள் அதை வைத்து அவரைத் தள்ளிவைத்தோம்.

பிழை மாமியுடையது என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். பதினைந்து மாதமும் என் கையில் போன் இருந்தது. ஒரு நிமிடம் எடுத்துக் கேட்டிருக்கலாம். அதனால் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் இதுதான்: ஒரு படம் உங்களைக் காயப்படுத்தினால், அதைப் போட்டவரைக் கூப்பிட்டு என்ன நினைத்துப் போட்டீர்கள் என்று அன்றைக்கே கேளுங்கள். ஸ்கிரீன்ஷொட் எடுத்து வேறு ஆளுக்கு அனுப்பாதீர்கள். நான் தம்பிக்கு அனுப்பியதால்தான் ஒரு வீட்டுக் கோபம் இரண்டு நாட்டுக் கோபமாயிற்று.

அதற்குப் பிறகுதான் இந்தப் பொத்தான்களைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். முகநூலில் லைக் வந்தது 2009 பெப்ரவரி 9ஆம் திகதி. அதன் பின் ஏழு வருடம் எங்களிடம் இருந்தது அந்தக் கட்டைவிரல் ஒன்றுதான். செத்தவீட்டுக்கும் அதுதான், பிள்ளை பிறந்ததுக்கும் அதுதான். யாராவது தகப்பனை இழந்து எழுதியிருப்பார், அதன் கீழ் நானூறு பேர் 'விருப்பம்' தெரிவித்திருப்பார்கள். அந்தச் சங்கடம் எங்கள் வயதுக்காரர் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். எல்லாக் கணமும் நல்ல கணம் இல்லை என்று முகநூலை நிறுவிய சக்கர்பேர்க் 2015இல் ஒத்துக்கொண்டார். அந்த ஒக்டோபரில் அயர்லாந்திலும் ஸ்பெயினிலும் பரீட்சித்துப் பார்த்து, 2016 பெப்ரவரி 24ஆம் திகதி உலகம் முழுக்கப் புதிய முகங்களைத் திறந்துவிட்டார்கள். அன்பு, சிரிப்பு, ஆச்சரியம், கவலை, கோபம். பரீட்சித்தபோது 'யேய்' என்று மகிழ்ச்சி முகம் ஒன்றும் இருந்தது. அது எல்லா ஊரிலும் ஒரேமாதிரிப் புரியவில்லை என்று எடுத்துவிட்டார்கள். செய்த நிறுவனமே ஒரு முகத்தை இப்படிக் கைவிட்டிருக்கிறது என்று வாசித்தபோது எனக்கு மாமியின் நினைவுதான் வந்தது. இதயத்தைக் கட்டிப்பிடிக்கிற 'கெயார்' முகம் 2020 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. மாமி என்னைக் கூப்பிட்ட அதே ஊரடங்குக் காலம்.

சரி, ஏன்தான் இவ்வளவு அழுத்துகிறோம்? ஒரு கிழமை என்னையே கவனித்தேன். ஒவ்வொரு தடவையும் எதற்காக அழுத்தினேன் என்று ஒரு கொப்பியில் குறித்துவந்தேன். மூன்றாம் நாளே நூற்றைத் தாண்டிவிட்டது. உண்மையாகப் பிடித்து அழுத்தியவை அதில் மிகக் குறைவு. பெரும்பாலானவை வரவுப் பதிவு, 'நானும் இருக்கிறேன், கண்டேன்' என்று சொல்வது. அடுத்து வந்தது கடன். "அவையள் எங்கட வீட்டுக்கு வந்தவை, நாங்களும் போகத்தானே வேணும்" என்று அம்மா சொல்வாரே, அந்தக் கணக்கு. என் மகனின் பெறுபேற்றுக்கு இதயம் போட்டவரின் மகளுடைய பூப்புனித நீராட்டு விழாப் படத்துக்கு நான் இதயம் போடாமல் விடமுடியாது. போடாவிட்டால் அவர் கவனிப்பார் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் கவனிக்கிறேன்.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன், அது எனக்குப் பிடிக்கவில்லை. கதையை முடிப்பதற்கு அழுத்துகிறேன். லண்டனில் தனியாக இருக்கிற என் பழைய வகுப்புத் தோழி நீளமாக எழுதுவாள். வேலைக்கு ஓடும் அவசரத்தில் அதற்கு ஒரு இதயத்தைப் போட்டுவிட்டு அப்புறம் எழுதலாம் என்று நினைப்பேன். அந்த அப்புறம் வராது. இதயம் போட்டதும் பதில் சொல்லிவிட்டதாக என் மனம் எடுத்துக்கொள்கிறது. அவளுக்கோ கதவு மெதுவாகச் சாத்தப்பட்ட மாதிரி இருந்திருக்கும். இப்போது நீளமான செய்திக்கு நான் எதுவும் அழுத்துவதில்லை. அழுத்தாமல் விட்டால்தான் கடன் நிற்கிறது என்ற உறுத்தல் இருக்கும், இரவு பத்து மணிக்காவது நாலு வரி எழுதுவேன்.

நான் எங்கள் தொடர்மாடிக் குழுவின் செயலாளர். வட்ஸ்அப் குழுவைப் பார்ப்பதும் நான்தான். வட்ஸ்அப்பில் ரியாக்ஷன், அதாவது ஒரு செய்தியின் மேலேயே முகமோ விரலோ போடுகிற வசதி, வந்தது 2022 மே மாதம். கொழும்பில் அந்த மே எப்படி இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. காஸ் இல்லை, பெற்றோல் இல்லை, நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு. கறண்ட் இல்லாவிட்டால் மோட்டர் ஓடாது, மோட்டர் ஓடாவிட்டால் மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறாது. ஜெனரேற்றருக்கு டீசல் எடுக்க வரிசையில் நிற்கவேண்டும். ஒரு இரவு குழுவில் எழுதினேன்: "நாளை விடிய நாலு மணிக்கு டீசல் வரிசைக்குப் போகவேண்டும். யார் வரமுடியும்?"

ஒன்பது கட்டைவிரல்கள் விழுந்தன. நிம்மதியாகப் படுத்தேன். ஒன்பது பேர் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருவராக மாறி மாறி நிற்கலாம் என்று கணக்கும் போட்டுவிட்டேன். நாலு மணிக்குக் கீழே இறங்கினால் நானும் மூன்றாம் மாடி அண்ணையும் மட்டும். அவர் கட்டைவிரலே போடவில்லை, வந்து நின்றார்.

பின்னேரம் வீடு வீடாகப் போய்க் கேட்டேன். சண்டை பிடிக்க இல்லை, உண்மையாகவே விளங்கிக்கொள்ள. ஒருவர், "வாசிச்சனான் எண்டு போட்டன்" என்றார். இன்னொருவர், "நல்ல யோசனை எண்டு." நாலாம் மாடிச் சிங்களத் தங்கச்சி, நாங்கள் நங்கி என்று கூப்பிடுகிறவள், "நீங்கள் எங்களுக்காகப் போகிறீர்கள் என்று நினைத்து நன்றி சொன்னேன்" என்றாள். ஒரு வீட்டில் அழுத்தியது ஆறு வயதுப் பிள்ளை. இரண்டு பேர் மற்றவர்கள் போட்டதைப் பார்த்துத் தாங்களும் போட்டிருக்கிறார்கள். வரவேண்டும் என்று நினைத்துப் போட்டவர் ஒருவர்தான், அவர் நித்திரையாகிவிட்டார். ஒன்பது விரலும் பொய் சொல்லவில்லை. பிழை என் கேள்வியில் இருந்தது.

அன்றிலிருந்து குழுவில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். அறிவித்தல் என்றால் முதல் வரியிலேயே 'தகவலுக்கு' என்று எழுதுவேன். அதற்குக் கட்டைவிரல் போட்டால் வாசித்தார் என்று அர்த்தம், வேறொன்றும் இல்லை. ஆள் வேண்டும், காசு வேண்டும், சம்மதம் வேண்டும் என்றால், "வீட்டு இலக்கமும் 'வருகிறேன்' என்ற சொல்லும் எழுதுங்கள், கட்டைவிரல் கணக்கில் சேராது" என்று சேர்த்துவிடுவேன். அந்த வருடம் நவம்பரில் வட்ஸ்அப்பில் வாக்கெடுப்பு வசதி வந்தது. நாள், நேரம் தெரிவுசெய்ய அது நல்லது. ஆனால் விடிய நாலு மணிக்கு வரவேண்டிய வேலைக்கு இன்றும் சொல்லாக எழுதித்தான் வாங்குகிறேன். தன் கையால் 'வருகிறேன்' என்று எழுதினவர் பெரும்பாலும் வருகிறார்.

இது எங்கள் மாடிப்படிப் பிரச்சினை மட்டும் இல்லை. கனடாவில் சஸ்கட்சுவான் மாகாணத்தில் ஒரு விவசாயிக்கு ஆளிவிதை ஒப்பந்தம் ஒன்றைப் படம் பிடித்து அனுப்பி, உறுதிப்படுத்தச் சொன்னார்கள். அவர் கட்டைவிரலை அனுப்பினார். கிடைத்தது என்று சொல்லத்தான் போட்டேன் என்றார் அவர். சம்மதம் என்றது 2023இல் வந்த தீர்ப்பு. 82,000 கனேடிய டொலருக்கு மேல் நட்டஈடு. அடுத்த வருடம் சென்னை உயர் நீதிமன்றத்தில் வந்த வழக்கு இதற்கு எதிர்ப்பக்கம். ரயில்வே பாதுகாப்புப் படையில் மேலதிகாரி ஒருவர் கொல்லப்பட்ட செய்தி வட்ஸ்அப் குழுவில் வந்தபோது ஒரு காவலர் கட்டைவிரல் போட்டுவிட்டார். கொலையைக் கொண்டாடினார் என்று வேலையிலிருந்து நீக்கினார்கள். செய்தியைப் பார்த்தேன் என்பதற்கும் அந்தப் படம் போடப்படும், அதைக் கொண்டாட்டம் என்று சொல்லமுடியாது என்று நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. ஒரே விரல், ஒரு மேசையில் சம்மதம், இன்னொரு மேசையில் வெறும் 'கண்டேன்'. வீட்டு வாடகை, சீட்டுக்காசு, வேலை ஒப்பந்தம் என்று எழுத்தில் வருகிற எதற்கும் நான் இப்போது விரல் போடுவதில்லை. "கிடைத்தது, வாசித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று எழுதுவேன்.

தெஹிவளையில் இருக்கிற தங்கச்சியின் மகளுக்குப் பத்தொன்பது வயது. அவள் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள், "பெரியம்மா, நீங்கள் என்னோட கோபமோ?" நான் திகைத்துப்போனேன். அவள் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்ட செய்தியை எனக்கு எழுதியிருந்தாள், நான் கட்டைவிரல் போட்டிருந்தேன். அவளுடைய வயதுப் பிள்ளைகளுக்குக் கட்டைவிரல் என்றால் 'சரி, விடு' என்று முகத்தைத் திருப்புகிற மாதிரியாம். எனக்கு அது மனம் நிறைந்த பாராட்டு. இதில் யார் சரி என்று வாதாடிப் பிரயோசனம் இல்லை. அவளுக்கு இப்போது இதயம் போடுகிறேன், கூடவே இரண்டு சொல்லும் எழுதுகிறேன். அவள் எனக்குக் கட்டைவிரல் போட்டால் நான் மனவருத்தப்படுவதும் இல்லை, ஏனென்றால் அது எனக்காகவே போடுகிறாள்.

இனிச் சொல்வது கொஞ்சம் பாரமான விசயம். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில், திகன பக்கம், முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அரசாங்கம் சுமார் ஒரு கிழமை முகநூலையும் வட்ஸ்அப்பையும் வைபரையும் மறித்து வைத்தது. அதற்கு முந்திய நாட்களில் முகநூலில் வெறுப்புப் பதிவுகள் எப்படி ஓடின என்று நான் கண்ணால் பார்த்தேன். அவற்றுக்கு நான் கோப முகம் போட்டேன். ஒன்று விடாமல் போட்டேன். என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

2021இல் பிரான்சிஸ் ஹாகன் என்ற முகநூலின் முன்னாள் ஊழியர் வெளியே கொண்டுவந்த உள் ஆவணங்கள் பற்றி வாசித்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 2017இலிருந்து முகநூல், எந்தப் பதிவை முன்னால் காட்டுவது என்று முடிவு செய்யும்போது, ஒரு லைக்கை ஒன்று என்று எடுத்தால் கோப முகம் உட்பட மற்ற முகங்களை ஐந்தாகக் கணக்கெடுத்திருக்கிறது. கோபத்துக்கு இருந்த நிறையைப் படிப்படியாகக் குறைத்து, 2020 செப்டெம்பரில்தான் பூச்சியமாக்கினார்கள். ஆக 2018இல் நான் போட்ட ஒவ்வொரு கோபமும் அந்த வெறுப்பைத் தோளில் தூக்கிக்கொண்டுபோய் இன்னும் பத்துப் பேருக்குக் காட்ட உதவியிருக்கிறது. இலங்கையின் அந்த வன்முறையில் தன் தளம் வகித்த பங்குக்கு முகநூல் நிறுவனம் 2020 மே மாதம் மன்னிப்புக் கேட்டது. என் பங்குக்கு நான் யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. இப்போது அப்படி ஒன்று கண்ணில் பட்டால் எந்த முகமும் போடுவதில்லை, கீழே திட்டி எழுதுவதும் இல்லை. மூன்று புள்ளியைத் தொட்டு முறைப்பாடு செய்கிறேன். பதிவு சிங்களத்தில் இருந்தால் நாலாம் மாடி நங்கியிடம் காட்டி அர்த்தம் கேட்டுவிட்டுச் செய்கிறேன். அவளும் தன் போனிலிருந்து செய்வாள்.

சிரிப்பு முகம் எப்படி ஆயுதமாகிறது என்பதை 2020 கடைசியில் பார்த்தேன். கொரோனாவால் இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்ற கட்டாயம் அப்போது இருந்தது. அடக்கம் செய்ய அனுமதி 2021 பெப்ரவரியில்தான் வந்தது. அந்த டிசெம்பரில் பிறந்து இருபது நாளான ஒரு முஸ்லிம் குழந்தையை எரித்த செய்தி வந்தபோது அதன் கீழேயும் ஹாஹா போட்டிருந்தார்கள். ஒன்றிரண்டு இல்லை. மாமி மாதிரித் தெரியாமல் போட்டவர்கள் அதில் இருந்திருக்கலாம் என்று நம்பப் பார்த்தேன். சிலருடைய எழுத்தையும் வாசித்தபின் நம்ப முடியவில்லை. அதே நாட்களில் அந்தக் கட்டாய எரிப்புக்கு எதிர்ப்பாகப் பொரளை கனத்தை மயானக் கம்பிவேலியில் ஆட்கள் போய் வெள்ளைத் துணி கட்டினார்கள். என்னோடு வேலை செய்கிற முஸ்லிம் தங்கச்சி ஒருத்தி கைக்குட்டை ஒன்றை மடித்துக்கொண்டு வந்து, "அக்கா, தனியப் போகப் பயமா இருக்கு" என்றாள். இருவரும் மதிய இடைவேளையில் போனோம். நான் அழுத்திய ஆயிரம் அழுகை முகங்களும் என் நினைவில் இல்லை. அந்தக் கம்பியில் துணியை முடிந்தபோது அவளுடைய விரல்கள் நடுங்கியது நினைவிருக்கிறது.

அழுத்தாமல் விடுவதைப் பற்றியும் சொல்லவேண்டும். கொழும்புத் தமிழருக்கு அதில் நீண்ட பழக்கம். முகநூல் பதிவுகளுக்காகத் தமிழ் இளைஞர்கள் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதான செய்திகளை வாசித்துத்தான் மாவீரர் நாள் வருகிற நவம்பர் மாதங்களை நாங்கள் கடந்திருக்கிறோம். 2024இல், இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்துகிற நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்தது. அதனால் பலர் எல்லாவற்றையும் வாசிப்பார்கள், ஒன்றிலும் விரல் வைக்கமாட்டார்கள். வெளிநாட்டில் இருக்கிற உறவுகளுக்கு இது விளங்குவது குறைவு. "நான் எழுதினதுக்கு நீ ஒருநாளும் லைக் போடுறேல்லை" என்று தம்பி குறைப்படுவான். போன் எடுத்து அரை மணி நேரம் அதைப் பற்றியே அவனோடு கதைத்தேன், அதற்குப் பிறகு அவன் கேட்பதில்லை. யாராவது உங்கள் பதிவை அழுத்தாமல் கடந்தால் அவருடைய ஊரையும் வேலையையும் ஒருதரம் நினைத்துப் பாருங்கள்.

எண்ணிக்கை உங்கள் மனதை அரிக்கிறது என்றால் அதை மறைக்கவும் வழி உண்டு. முகநூல், இன்ஸ்டகிராம் இரண்டிலும் அமைப்புகளுக்குள் போனால் லைக் எண்ணிக்கை தெரியாமல் செய்யலாம். வட்ஸ்அப்பில் ரியாக்ஷனுக்கு அறிவிப்பு வராமல் நிறுத்தலாம். நான் வட்ஸ்அப்பில் நிறுத்திவிட்டேன், இரவில் போன் துடிப்பது பாதியாகக் குறைந்துவிட்டது. தவறிக் கை பட்டு அழுத்திவிட்டால் திரும்ப அதையே தொட்டால் போய்விடும். ஆனால் மற்றவருக்கு அறிவிப்பு அதற்குள் போயிருக்கக்கூடும், அதனால் செத்தவீடு, நோய், விபத்து மாதிரி விசயங்களில் எடுத்துவிட்டேன் என்று பேசாமல் இருக்காதீர்கள். "கை பட்டுவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். எங்கள் வீட்டுக்கு அந்த ஒரு வரி கிடைக்கவில்லை, மாமிக்குத் தான் செய்தது பிழை என்றே தெரியாததால்.

ஊரடங்கு தளர்ந்ததும் முதல் வேலையாகக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். மாமி கதவைத் திறந்து ஒன்றும் கதைக்காமல் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே கூட்டிப்போனார். அம்மாவின் படத்தை எடுத்துக் கொண்டுபோயிருந்தேன். சுவரில் மாமாவின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். தேத்தண்ணி குடித்து முடிந்தபிறகு போனை நீட்டி, "இதுகளின்ர பேரை எனக்கு ஒழுங்காச் சொல்லித் தா" என்றார்.

முதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் இதைச் செய்து பாருங்கள். வாயால் சொன்னால் மறந்துபோகும். மாமியின் போன் உறைக்குள் செருகிவைக்கிற அளவுக்கு ஒரு மட்டையை வெட்டி, ஏழு முகத்தையும் திரையில் வருகிற அதே வரிசையில் பென்சிலால் கீறி, ஒவ்வொன்றின் கீழும் தமிழில் பெரிய எழுத்தாக எழுதினேன். நல்லது, அன்பு, அணைப்பு, சிரிப்பு, ஆச்சரியம், கவலை, கோபம். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தார். நாலாவதில் விரலை வைத்துக் கன நேரம் பார்த்தார். பிறகு என்னிடமிருந்து பென்சிலை வாங்கி, 'சிரிப்பு' என்பதன் கீழ் தன் கோணல் எழுத்தில் தானே எழுதினார்: செத்தவீட்டுக்கு இல்லை.